ஒய்யாரியின் ஆட்டமும் ஒரு துளித் தேனும்

கரட்டுக் காட்டில் ஒரு சுனை. சுனைக்கு மேலே பாறை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பாறையின் அடியில் ஒரு பெரிய தேன்கூடு தொங்கியது. அதில் மலைத்தேனீக்கள் குடியிருந்தன. எத்தனை பேர் என்று என்னைக் கேட்காதீர்கள். எண்ணிப் பார்க்கப் போனவர்கள் முகம் வீங்கித் திரும்பி வந்திருக்கிறார்கள்!

எல்லாரும் அக்கா தங்கைகள். எல்லாருக்கும் ஒரே அம்மா, ராணித் தேனீ. மூத்தவர்கள் பூத்தேடிப் பறப்பார்கள். இளையவர்கள் கூட்டிலேயே இருந்து பாப்பாக்களுக்கு ஊட்டுவார்கள். பாப்பா என்றால் வேறொன்றும் இல்லை, புழுதான். வெள்ளை வெளேரென்று, சுருண்டு, எந்நேரமும் வாயைத் திறந்தபடி அறைக்குள் கிடக்கும். பார்க்கிற நமக்கு அது புழு. ஊட்டுகிறவளுக்கு அது தங்கம்.

தேனீக்களின் வாய் வம்பு பேசத்தான். சாப்பாட்டு விஷயத்தை அவர்கள் காலால்தான் சொல்வார்கள். அதெப்படி என்கிறீர்களா? பூவைக் கண்டு வந்தவள் தேனடையின்மேல் நின்று ஆடுவாள். வாலை ஆட்டிக்கொண்டே மேல்நோக்கி ஓடினால், சூரியன் இருக்கும் பக்கம் போ என்று அர்த்தம். கீழ்நோக்கி ஓடினால், சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போ. சாய்ந்து ஓடினால் அந்தச் சாய்வுக்குத் திரும்பிக்கொள். குட்டியாக ஓடினால் பூ பக்கத்தில். நீளமாக ஓடினால் தூரத்தில். அவ்வளவுதான் பாடம்! ஆட்டத்தைச் சரியாகப் பார்த்தவள் நேராகப் போய் அந்த மரத்திலேயே இறங்குவாள்.

அதோடு ஒரு வழக்கமும் இருந்தது. ஆடுகிறவள் நடுநடுவே நின்று, சுற்றி நிற்பவர்களின் வாயில் ஒரு துளித் தேன் வைக்கவேண்டும். நான் சொல்வது பொய் இல்லை, நீயே ருசி பார் என்று அதற்கு அர்த்தம். துளி கொடுக்காமல் ஆடினால் ஒருத்தியும் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

அந்தக் கூட்டில் ஒய்யாரி என்று ஒருத்தி இருந்தாள். அடேயப்பா, ஆட்டம் என்றால் அவள் ஆட்டம்தான்! வாலை ஒரு வெட்டு வெட்டினால் அடை முழுக்க அதிரும். திரும்புகிற இடத்தில் சிறகை லேசாக விரித்து மடக்குவாள். அந்தச் சிறகு விரிப்புக்கு ஓர் அர்த்தமும் கிடையாது. சும்மா அழகுக்குத்தான். ஆனால் அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் சேர்ந்தது.

பங்குனியில் ஓடைக்கரை இலுப்பை பூத்தது. அதை முதலில் கண்டவள் ஒய்யாரிதான். வயிறு நிறையத் தேனோடு வந்தாள், ஆடினாள். கூட்டமே நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தது. துளி கேட்டு வாயை நீட்டியவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். வயிற்றில் இருந்த தேன் தீர்ந்துவிட்டது. கேட்டு நின்றவர்கள் தீரவில்லை.

ஒய்யாரிக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இன்னும் துளியா? இவ்வளவு நேரம் ஆடுறேன், என் ஆட்டத்தைப் பார்த்துமா உங்களுக்கு நம்பிக்கை வரலை?"

"அதானே!" என்றாள் முன்வரிசையில் நின்ற ஒருத்தி. "ஒய்யாரி அக்கா ஆடினா அது போதாதா? துளி கேக்கிறது அவளை அவமானப்படுத்துற மாதிரி!"

எல்லாரும் தலையாட்டினார்கள். பறந்துபோய்ப் பார்த்தால், அவள் சொன்ன இடத்தில் சொன்னபடி பூ இருந்தது. வயிறு வெடிக்கக் குடித்துவிட்டு வந்தார்கள். அந்த மட்டும் அவள்மேல் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் அன்றைக்கு விட்ட வழக்கம் விட்டதுதான். அதற்குப் பிறகு துளி கேட்பதே மரியாதை கெட்ட செயல் என்றாகிவிட்டது. யாராவது தெரியாமல் வாயை நீட்டினால், பக்கத்தில் நிற்பவள் இடித்துவிட்டு, "ஏண்டி, பட்டிக்காடு மாதிரி நடந்துக்கிற!" என்பாள்.

இலுப்பைப் பூ எத்தனை நாளைக்கு நிற்கும்? சித்திரை வெயில் ஏறியதும் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. கீழே விழுந்ததைக் கரடி வந்து நக்கிவிட்டுப் போனது. மரத்தில் பூ போய்த் தளிர் வந்துவிட்டது.

இது ஒய்யாரிக்குத் தெரியுமா? தெரியாது! ஏனென்றால் அவள் மரத்துக்குப் போவதையே விட்டுவிட்டாள். விடிந்ததும் கூட்டம் கூடிவிடும். "அக்கா, ஒரு ஆட்டம்!" என்று கெஞ்சும். ஆடுவாள். ஆடி முடித்தால் இன்னொரு கூட்டம். "எனக்கு ஆடவே நேரம் பத்தலை, பறக்க எங்கே நேரம்?" என்று பெருமையாகச் சலித்துக்கொள்வாள். பசித்தால் சேமிப்பு அறையில் போய் ஒரு வாய் குடித்துவிட்டு வருவாள்.

சரி, பறந்துபோனவர்கள் வெறும் மரத்தைப் பார்த்தார்களே, அவர்கள் வந்து சொல்லக் கூடாதா? அங்கேதான் கூத்து! ஒவ்வொருத்தியும் தன்னையே சந்தேகப்பட்டாள். ஆட்டத்தை நான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ? வேறு மரத்துக்கு வந்துவிட்டேனோ? இல்லை, பிந்தி வந்துவிட்டேனோ, எனக்கு முன்னால் வந்தவர்கள் குடித்துத் தீர்த்துவிட்டார்களோ? இதைப் போய் வெளியே சொன்னால் சிரிக்கமாட்டார்களா?

அதனால் வெறும் வயிற்றோடு திரும்பியவள், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால், "பிரமாதம்!" என்றாள். கேட்டவளும் பறந்துபோய், வெறும் வயிற்றோடு வந்து, "பிரமாதம்!" என்றாள். அடுத்துப் போனவள் இவர்களைவிட ஒரு படி மேலே. "இன்னிக்கு நேத்தைவிட நல்லா இருந்துச்சு!" என்றாள்.

இதில் நிஜமாகவே வயிறு நிறைந்தவன் ஒருவன் உண்டு. அவன் பெயர் பச்சையன். பஞ்சுருட்டான் குருவி. கூட்டுக்கும் இலுப்பைக்கும் நடுவில் ஒரு பட்டமரம். அதன் நுனிக் கிளையில்தான் அவன் உட்கார்ந்திருப்பான். தேனீ வந்தால் ஒரே பாய்ச்சல். பிடித்த தேனீயைக் கிளையில் தேய்த்துக் கொடுக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு லபக்கென்று விழுங்குவான்.

முன்பெல்லாம் தேனீக்கள் நாலு திசையிலும் பறக்கும். பாவம், பச்சையன் அலையாய் அலைவான். இப்போது அத்தனை பேரும் ஒரே வழியில் வருகிறார்கள், ஒரே வழியில் போகிறார்கள். அவன் கிளையை விட்டு எழுந்திருக்கும் அவசியமே இல்லை. கூட்டுக்குத் திரும்புகிற தேனீக்களைப் பார்த்து வேண்டுமென்றே குரல் கொடுப்பான்.

"என்ன தங்கச்சிங்களா, இலுப்பை உச்சிக்கொப்புல இன்னும் நிறைய மொட்டு இருக்காமே! நாளைக்கு அக்கா தங்கச்சிங்களை எல்லாம் கூட்டிட்டு வாங்க!"

அதையும் அவர்கள் நம்பினார்கள்.

கூட்டின் ஓரத்தில் இன்னொருத்தி இருந்தாள். அவள் பெயர் வெடுக்கி. பேசினால் வெடுக்கென்றுதான் பேசுவாள். ஒருமுறை சிலந்தியிடம் மாட்டித் தப்பித்ததில் பின்னங்கால் ஒன்று பாதியோடு போயிற்று, சிறகிலும் ஓர் ஓரம் கிழிந்தது. போன கால் போகட்டும், வாய் போகவில்லை!

வெடுக்கி மலைக்கு அந்தப் பக்கம் ஒரு புங்கமரத்தைக் கண்டுபிடித்திருந்தாள். கிளை தெரியாமல் பூத்த மரம். தேனோடு வந்தாள், ஆடினாள். ஆனால் பாதிக் காலை வைத்துக்கொண்டு நேராக ஓட முடியவில்லை. இடப்பக்கம் சாயவேண்டிய இடத்தில் வலப்பக்கம் சாய்ந்தாள். அவள் ஆட்டத்தை நம்பிப் போன இரண்டு பேர் ஒரு மொட்டைப் பாறையில் போய் இறங்கினார்கள்.

"பாறையை நக்கிட்டு வர்றோம்!" என்று அவர்கள் சொன்னதும் கூடே சிரித்தது.

"பார்க்கத் தெரியாத மூஞ்சிகளா!" என்று வெடுக்கி கத்தினாள். "போங்க! ஒருத்தியும் வரவேண்டாம்! நானே குடிச்சுக்கிறேன்!"

அதற்குப் பிறகு அவள் ஆடவும் இல்லை, அவளிடம் யாரும் பேசவும் இல்லை. தனியாகப் போவாள், தனியாகக் குடிப்பாள், கொண்டுவந்ததை ஓரத்து அறையில் ஊற்றுவாள். ஒருத்தி கொண்டுவருவது ஒரு கூட்டுக்கு எந்த மூலைக்கு?

இப்போது அமுதியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள்தான் பாப்பாக்களுக்கு ஊட்டுகிறவள். இளையவள். இன்னும் கூட்டைவிட்டு ஒருநாளும் பறந்ததில்லை. பூ எப்படி இருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. தேன் வந்தால் வாங்குவாள், பக்குவம் பண்ணுவாள், அறை அறையாகப் போய் ஊட்டுவாள்.

வரவர வாங்குவதற்குத் தேனே வரவில்லை. சேமிப்பு அறைகளில் அடிமட்டத்தைச் சுரண்டிப் பார்த்தாயிற்று. அமுதி ஓர் அறைக்குள் தலையை நுழைத்தால், அந்தப் பாப்பா வாயைத் திறந்து அவள் பக்கம் திரும்பும். கொடுக்க ஒன்றும் இல்லாமல் தலையை வெளியே எடுப்பாள். அடுத்த அறையிலும் அப்படியே. அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

அவள் ராணியிடம் ஓடினாள்.

"அம்மா, பாப்பாங்களுக்குக் கொடுக்க ஒண்ணும் இல்லை!"

 ராணி சொன்னாள்.

"எனக்கும் தெரியும், மகளே. இன்னிக்குப் பொழுது சாயுறதுக்குள்ள தேன் வரலைன்னா நாளைக்கு விடிஞ்சதும் எல்லாரும் கூட்டைவிட்டுக் கிளம்பணும். வேற காட்டுக்குப் போகணும். இங்கேயே இருந்தா அத்தனை பேரும் சாவோம்."

"பாப்பாங்க?"

"சிறகு இல்லாததை எப்படித் தூக்கிட்டுப் போறது?"

"அப்போ விட்டுட்டுப் போறதா?"

ராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெற்றவள் அவள். அவளுக்கு மட்டும் வலிக்காதா?

அமுதி திரும்பி வந்தாள். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கூட்டம் ஆஹா ஓஹோ என்றது. ஒய்யாரி சிறகை விரித்து மடக்கினாள். அதைப் பார்த்ததும் அமுதிக்கு வந்ததே ஒரு கோபம்! வரிசை, மரியாதை எதையும் பார்க்கவில்லை. முட்டி மோதி உள்ளே நுழைந்து ஒய்யாரிக்கு எதிரில் போய் நின்றாள். வாயை நீட்டினாள்.

"அக்கா, ஒரு துளி கொடுத்துட்டு ஆடு!"

கூட்டம் விக்கித்துப் போனது.

"ஏய், யாருடி இவ?"

"ஊட்டுறவளாம்! பூவையே பார்க்காதவ துளி கேக்க வந்துட்டா!"

"ஆமா, நான் பூவைப் பார்க்கலை," என்றாள் அமுதி. "பார்த்துட்டு வர்றவங்க சொல்றதை நம்பித்தான் நானும் இருக்கேன், பாப்பாங்களும் இருக்கு. அதான் கேக்கிறேன். இலுப்பையில அவ்வளவு தேன் இருக்குன்னு தினமும் ஆடுறியே, ஒரே ஒரு துளி கொடு. நான் வாங்கிட்டுப் போயிடுறேன்."

ஒய்யாரி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"என் ஆட்டம் பொய்யின்னு சொல்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லலை. துளி கேக்கிறேன்."

"கொடுக்கமாட்டேன்!"

"கொடுக்கமாட்டியா, இல்லை உன்கிட்டே இல்லையா?"

ஒய்யாரி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். அதில் தேனும் இல்லை, பதிலும் இல்லை.

அமுதி அதோடு விடவில்லை. முன்வரிசையில் நின்றவளிடம் திரும்பினாள். "நீ காலையில போயிட்டு வந்தியே அக்கா, பிரமாதம்னு சொன்னியே! நீ ஒரு துளி கொடு!"

அவள் காலால் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். "அது... நான் போனப்போ கொஞ்சம் நேரமாயிடுச்சு..."

"நீ?"

"எனக்குச் சூரியன் கண்ணைக் கூசிச்சு. வேற மரத்துக்குப் போயிட்டேன் போல."

"நீ?"

"எனக்கு முன்னால போனவங்க குடிச்சுட்டாங்கன்னு நினைச்சேன்!"

"நான்தான் உனக்கு முன்னால போனவ," என்றாள் பக்கத்தில் நின்றவள். "நானும் அப்படித்தான் நினைச்சேன்!"

அவ்வளவுதான். ஒருத்தி ஒப்புக்கொண்டதும் எல்லாருக்கும் வாய் வந்துவிட்டது. "எனக்கும் கிடைக்கலை!" "எனக்கும்தான்!" "நான் போய் நாளாச்சு, சும்மா பிரமாதம்னு சொன்னேன்!" கூடே இரைந்தது. வெட்கம் ஒரு பக்கம், பசி ஒரு பக்கம்.

"எல்லாரும் பொறாமையில பேசுறீங்க!" என்று ஒய்யாரி கத்தினாள். "இருங்க! இப்பவே போய் என் இலுப்பையிலிருந்து துளி கொண்டுவந்து உங்க மூஞ்சியில அடிக்கிறேன்!"

விர்ரென்று பறந்து போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஓரத்தில் இருந்து ஒரு சிரிப்புச் சத்தம். வெடுக்கிதான்!

"நல்லா வேணும்! நொண்டி ஆட்டம்னு சிரிச்சீங்கல்ல? இப்போ சிரிங்களேன் பார்ப்போம்!"

அமுதி அவளிடம் ஓடினாள். "உன்கிட்டே இருக்கா அக்கா?"

வெடுக்கி ஏதோ வெடுக்கென்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அமுதியின் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. குனிந்து, பெரிய துளியாக ஒன்று கொடுத்தாள். புங்கம்பூத் தேன். அமுதி அதை விழுங்கவில்லை. ஓடிப்போய்ப் பக்கத்து அறைகளில் இருந்த பாப்பாக்களுக்குப் பங்கு வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"நிஜத் தேன்!" என்றாள். "எங்கே இருக்கு? எல்லாருக்கும் சொல்லு!"

கூட்டம் வெடுக்கியைச் சூழ்ந்துகொண்டது. அவளும் கோபத்தை மறந்து ஆடினாள். ஆனால் பாதிக் கால் பாதிக் கால்தானே! ஒருமுறை இந்தப் பக்கம் சாய்ந்தாள், அடுத்த முறை அந்தப் பக்கம் சாய்ந்தாள்.

"மலைக்கு வலப்பக்கமா?"

"இல்லை, நேரா மேலே காட்டுறா!"

"எனக்குப் பாறை ஞாபகம் வருது, நான் வரலைப்பா!"

"எல்லாரும் என் பின்னால பறந்து வாங்க!" என்றாள் வெடுக்கி. வந்து பார்த்தார்கள். கிழிந்த சிறகோடு அவள் தாழ்ந்து தாழ்ந்து பறந்தாள். அவ்வளவு பெரிய கூட்டம் மரங்களுக்கு நடுவே ஒருத்தியை எப்படிப் பார்த்துக்கொண்டு வரும்? முன்னால் வந்தவர்கள் பின்னால் வந்தவர்களோடு மோதினார்கள். ஓடையைத் தாண்டுவதற்குள் சிதறிப்போய்த் திரும்பிவிட்டார்கள். சூரியன் இறங்கத் தொடங்கியிருந்தது. தேன் இருக்கிறது, இருக்கிற இடம் தெரியவில்லை. அமுதி என்ன செய்வதென்று தெரியாமல் பாப்பாக்களின் அறைமேல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஒய்யாரி என்ன ஆனாள்? அவள் நேராகப் பட்டமரத்துப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். கோபத்தில் பச்சையன் இருப்பதையே கவனிக்கவில்லை. அவன் ஒரே எட்டில் வந்து குறுக்கே நின்றான். ஒய்யாரிக்கு உயிரே போய்விட்டது.

"அடடே, ஒய்யாரியா!" என்றான் பச்சையன். "வாம்மா வா! பயப்படாதே, உன்னைப் பிடிப்பேனா? உன்னைப் பிடிச்சா எனக்குத்தான் நஷ்டம்!"

"என்ன சொல்றே?"

"உன் புண்ணியத்துலதானே என் குடும்பமே நடக்குது! நீ ஆடுறே, உன் தங்கச்சிங்க வரிசையா வர்றாங்க. மரத்துல பூ ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சும் தினமும் வர்றாங்க! நான் உட்கார்ந்த இடத்துல சாப்பிடுறேன். என் குஞ்சுங்களைப் பாரு, எப்படிக் கொழுத்திருக்குன்னு! போம்மா, போய் இன்னும் நல்லா ஆடு. உனக்கு ஒரு குறையும் வராம நான் பார்த்துக்கிறேன்!"

 ஒய்யாரியைப் புகழ்ந்தவர்கள் எத்தனையோ பேர். இப்படி ஒரு புகழ்ச்சியை அவள் கேட்டதே இல்லை. கிளைக்கு அடியில் பார்த்தாள். தேய்த்து எறிந்த கொடுக்குகளும் சிறகுகளும் புல்லில் கிடந்தன. எல்லாம் அவள் கூட்டுச் சிறகுகள். முன்வரிசையில் நின்று கைகொட்டி, அவள் ஆட்டத்தை நம்பிப் பறந்த தங்கைகள். 

இருந்தாலும் இலுப்பை வரைக்கும் போனாள். மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எங்கு பார்த்தாலும் செந்தளிர். ஒரு பூ, பெயருக்கு ஒரே ஒரு பூ இல்லை. இந்த மரத்தைப் பற்றியா இத்தனை நாள் ஆடினேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

பட்டமரத்துப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் கூட்டுக்கு வந்தாள். எல்லாரும் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராக ஓரத்துக்கு, வெடுக்கியிடம் போனாள்.

"இலுப்பையில ஒண்ணும் இல்லை. என் தப்பு. உன் மரத்துக்கு எனக்கு வழி காட்டு."

வெடுக்கி விடுவாளா?

"என்னது? மகாராணி நொண்டி பின்னால வரப்போறாங்களா? எதுக்கு? அதையும் உன் மரம்னு சொல்லி ஆடவா?"

"நீ என்ன வேணாலும் சொல்லு, வழியெல்லாம் சொல்லிட்டே வா. ஆனா இப்பவே கிளம்பு. பொழுது சாயுது. உனக்கு இடம் தெரியும், ஆட வராது. எனக்கு ஆட வரும், இடம் தெரியாது. தங்கச்சிங்க நம்மளை நம்பி உட்கார்ந்திருக்காங்க!"

வெடுக்கி கிழிந்த சிறகை விரித்தாள். "சரி, வா," என்றாள். "ஆனா மெதுவாப் பறக்கிறேன்னு முணுமுணுக்காதே!"

இரண்டு பேரும் பறந்தார்கள். ஒய்யாரி சொன்னபடியே வெடுக்கி வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனாள். ஒய்யாரி வாயே திறக்கவில்லை. சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது, எங்கே திரும்புகிறோம், எவ்வளவு தூரம் வந்தோம் என்று ஒன்றுவிடாமல் மனதில் வாங்கிக்கொண்டே பறந்தாள். ஓடை தாண்டி, மலைச்சரிவு தாண்டி, அந்தப் பக்கம் இறங்கியதும் வாசனை முகத்தில் அடித்தது. புங்கமரம்! இலையே தெரியவில்லை, அத்தனை பூ! ஒய்யாரி கொத்துக் கொத்தாக இறங்கி வயிறு முட்டக் குடித்தாள். எத்தனை நாளுக்குப் பிறகு ஒரு பூவில் உட்காருகிறாள்!

"என்ன, அழறியா?" என்றாள் வெடுக்கி.

"இல்லை, மகரந்தம் கண்ணுல பட்டுடுச்சு."

"பொய் சொல்றதை இன்னும் விடலையா நீ!" என்று வெடுக்கி சிரித்தாள். இந்தமுறை அது நல்ல சிரிப்பு.

கனத்த வயிற்றோடு ஒய்யாரி முந்திக்கொண்டு கூட்டுக்குப் பறந்தாள். போனதும் ஆடவில்லை. முதலில் அமுதியைத் தேடினாள். அவள் வாயில் ஒரு துளி வைத்தாள்.

"ருசி பார்த்துச் சொல்லு."

அமுதி ருசி பார்த்தாள். "வெடுக்கி அக்கா கொடுத்த அதே தேன்!" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் ஒய்யாரி ஆடினாள். சிறகு விரிப்பு இல்லை, வெட்டு இல்லை, அலங்காரம் ஒன்றும் இல்லை. வாலை ஆட்டிக்கொண்டு மேல்நோக்கி, லேசாக இடப்பக்கம் சாய்ந்து, நீளமாக ஓடினாள். திரும்பி வந்து அதே வழியில் மறுபடி ஓடினாள். சூரியன் சாயும் பக்கம், கொஞ்சம் இடது, நல்ல தூரம். குழந்தைகூடப் புரிந்துகொள்ளும்! நடுநடுவே நின்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் துளி கொடுத்தாள். துளி தீர்ந்ததும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "இருங்க, போய்க் கொண்டுவர்றேன்!" என்று மறுபடியும் பறந்தாள். பெரிய கூட்டம் ஒன்று அவளுக்கு முன்பே கிளம்பிவிட்டிருந்தது.

சூரியன் மலையில் இறங்குவதற்குள் முதல் அணி திரும்பியது. ஒவ்வொருத்தியும் தூக்க முடியாத வயிற்றோடு வந்து இறங்கினாள். வந்தவள் ஆட, பார்த்தவள் துளி வாங்கிக்கொண்டு பறக்க, பாறையடி முழுக்க ஒரே இரைச்சல். வாங்கி வாங்கி அமுதிக்குத் தலை சுற்றியது. ஓர் அறை விடாமல் ஓடி ஓடி ஊட்டினாள்.

ராணி மெல்ல நடந்து அங்கே வந்தாள். ஓர் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். வயிறு நிறைந்த பாப்பா வாயை மூடிச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"யாரும் எங்கேயும் கிளம்பவேண்டாம்," என்றாள் ராணி. 

எவ்வளவு அழகாகச் சொன்னாலும், எத்தனை பேர் சொன்னாலும், சொல்கிறவர்களிடம் ஒரு துளியாவது கேட்டு வாங்கி ருசி பார்த்த பிறகே கிளம்புங்கள். கேட்க வெட்கப்படுகிறவர்களின் பிள்ளைகள்தான் பட்டினி கிடக்கும்.